ஹ்மோங் கிளர்ச்சி 1975இல் முடிந்துவிட்டதா?

"லாவோஸின் ஹ்மோங் மக்கள் மொத்தமும் அமெரிக்கக் கூலிப்படை, 1975இல் எல்லோரும் விமானம் ஏறிப் போனதோடு சண்டை முடிந்தது" என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. ஹ்மோங் என்பது லாவோஸின் ஒரு மலைவாழ் இனம். வியட்நாம் போர்க் காலத்தில் அவர்களில் பலர் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் உதவியோடு லாவோஸ் கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்டார்கள்; 1975இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள்.

1975 மே மாதம் லோங் தியெங் என்ற தளத்திலிருந்து அந்த ஹ்மோங் படையின் தளபதி வாங் பாவும் சில ஆயிரம் பேரும்தான் விமானத்தில் தப்பினார்கள். ஓடுதளத்தைச் சுற்றிக் குழந்தை குட்டிகளோடு காத்துக் கிடந்த கூட்டம் கைவிடப்பட்டது. பலர் மெகாங் ஆற்றை மூங்கில் தெப்பங்களில் கடந்து தாய்லாந்து போனார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மற்றவர்கள் சுமார் 2,800 மீட்டர் உயரமுள்ள பூ பியா மலைப்பக்கம் ஒதுங்கினார்கள். 'சாவ் ஃபா' என்ற பெயரில் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிரான கிளர்ச்சி அங்கே தொடர்ந்தது. 1970களின் இறுதியில் வியட்நாம் படைகளும் சேர்ந்து அந்த மலையைத் தாக்கின. 2000களிலும் அந்த மலை இருக்கும் சைசோம்பூன் பகுதிக் காடுகளில் சிறு குழுக்கள் மிஞ்சியிருந்தன. ஆனால், அவர்களில் பெரும்பாலோர் கிழங்கு தோண்டித் தின்று ஓடி ஒளிந்த குடும்பங்கள். அவர்களைக் கூலிப்படை என்பது அநியாயம்.

அப்புறம், ஹ்மோங் தலைவர் ஃபாய்டாங் லோப்லியாயாவ் பாத்தேத் லாவோ என்ற லாவோஸ் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் பக்கமே நின்றவர். அவரோடு சேர்ந்து போரிட்ட ஹ்மோங் மக்களும் உண்டு.