‘கோட்டாவில் வந்த பெண் எம்.பி.க்கள்’: உண்மை என்ன?

“பெண்களுக்கு 25% கோட்டா (இட ஒதுக்கீடு) இருப்பதால்தான் பெண்கள் வாக்கே வாங்காமல் பாராளுமன்றம் போகிறார்கள்” என்று கொழும்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அந்த 25% உள்ளூராட்சி சபைகளுக்கு மட்டும்தான். 2018 தேர்தலில் முதன்முறை நடைமுறைக்கு வந்தது. பாராளுமன்றத்தில் பெண்களுக்கென ஒதுக்கிய ஆசனம் ஒன்றுகூட இல்லை. வாக்குச்சீட்டில் முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு அந்தக் கட்சியில் விரும்பும் வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்கள், அதிகபட்சம் மூன்று. கட்சிக்குப் போடாமல் இலக்கத்தை மட்டும் குறித்தால் வாக்கு செல்லாது. மாவட்டத்தில் போட்டியிடும் பெண் வேட்பாளரும் இந்த வழியாகத்தான் வரவேண்டும். தேசிய மக்கள் சக்தியின் ஹரிணி அமரசூரிய 2024இல் கொழும்பு மாவட்டத்தில் பெற்ற விருப்பு வாக்குகள் 6,55,289.

அவர் 2020இல் தேசியப் பட்டியலில் (நாடளாவிய வாக்கு விகிதப்படி கட்சிகளுக்குக் கிடைக்கும் நியமன ஆசனங்கள்) வந்தவர்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் 225 பேரில் 29 பேர் எப்போதும் அப்படித்தான், விருப்பு வாக்கின்றி, வருகிறார்கள்; அதில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களிடம் “எத்தனை வாக்கு எடுத்தீர்கள்?” என்று எந்த நேர்காணலிலாவது கேட்கிறார்களா? பெண்ணிடமோ அதையும் கேட்டு, பிள்ளைகளை யார் பார்ப்பது என்றும் கேட்பார்கள். 1960இல் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கு ‘அழும் விதவை’ என்று பெயர் சூட்டிய பழக்கம்தான்; இப்போது பெண் அரசியல்வாதியின் சேலை நிறத்தைப் பேசுவதற்கு வந்திருக்கிறது.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், ‘எந்தச் சபைக்கான கோட்டா?’ என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.