சுவாதி நகர்ந்ததை 1718-லேயே கண்டார்கள்
"கையா விண்கலம் வரும்வரை நட்சத்திரங்களின் நகர்வை அளக்க வழியே இல்லை" என்று, அந்த ஐரோப்பிய விண்வெளித் தொலைநோக்கி பற்றிய கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. 1718-லேயே ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி பழைய கிரேக்க நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு, சுவாதி, சிரியஸ், ரோகிணி மூன்றும் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். சுவாதி ஆண்டுக்கு 2.3 விநாடிக் கோணம் (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு விநாடிக் கோணம்) நகர்கிறது. சங்க காலத்தில் பார்த்த இடத்திலிருந்து இன்றைக்கு இரண்டு முழுநிலா அகலத்துக்கும் மேல் தள்ளி நிற்கிறது. மேலே கருத்திட்ட ஒரு நண்பர், "ராத்திரி பூரா நகரத்தானே செய்கிறது, இதில் என்ன அதிசயம்" என்று கேட்டிருக்கிறார். அது பூமி சுற்றுவதால், ஐயா. நானும் சின்ன வயதில் அப்படித்தான் ஏமாந்தேன். குமுளியில் ஏலத்தோட்ட லயத்து வாசலில் உட்கார்ந்து, ஆன்டெனா கம்பத்துக்கு நேராகச் சுவாதி எப்போது வருகிறது என்று சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பேன். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி "சோதி" என்பார், அதே நட்சத்திரம்தான். தினம் நாலு நிமிடம் முந்தி வந்தது, பெரிய கண்டுபிடிப்பு என்று குதித்தேன்! முப்பது வருஷமானாலும் அதன் சொந்த நகர்வு சுமார் 1 நிமிடக் கோணம்தான் (60 விநாடிக் கோணம்), வெறுங்கண்ணுக்குச் சிக்குவது கஷ்டம். அப்புறம் இன்னொன்று: இதெல்லாம் பக்கவாட்டு நகர்வு மட்டும். நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதை நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சிதான் சொல்லும். சுவாதி விநாடிக்கு சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் நம் பக்கம் வருகிறது. பக்கவாட்டிலோ 120 கிலோமீட்டருக்கு மேல். கையாவின் பெருமை கோடிக்கணக்கான நட்சத்திரங்களை ஒரே தராசில் நிறுத்துப் பார்த்ததில்தான்.