அமெரிக்காவின் மதச்சார்பின்மையைக் கட்டியவர்கள் பக்தர்கள்

அமெரிக்கா கிறிஸ்தவ நாடா, மதச்சார்பற்ற நாடா என்று இங்கே சண்டை வரும்போதெல்லாம் ஒரு தரப்பு டாலர் நோட்டை எடுத்துக் காட்டும். "கடவுளை நம்புகிறோம்" என்று அதில் அச்சடித்திருக்கிறதே என்று கேட்கும். மறுதரப்பு அரசியல் சாசனத்தைக் காட்டி, அதில் கடவுள் பெயரே கிடையாதே என்று கேட்கும். இரண்டும் உண்மை. ஆனால் சாசனம் எழுதப்பட்டது 1787இல். அந்த வாசகம் காகித நோட்டில் ஏறியது 1957இல். இடையில் 170 வருடங்கள் ஓடியிருக்கின்றன.

அந்த வாசகம் முதலில் வந்தது 1864இல், உள்நாட்டுப் போரின் நடுவே, இரண்டு சென்ட் நாணயத்தில். நாட்டின் அதிகாரபூர்வ வாசகமாகச் சட்டமானது 1956இல். பள்ளிக் குழந்தைகள் கொடியைப் பார்த்துச் சொல்லும் உறுதிமொழியும் இதே கதைதான். 1892இல் அதை எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் போதகர். அவர் எழுதிய வரிகளில் கடவுள் இல்லை. "கடவுளின் கீழ்" என்ற சொற்களை 1954இல் நாடாளுமன்றம்தான் சேர்த்தது, ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார். சோவியத் யூனியனோடு பனிப்போர் நடந்த காலம் அது. "கடவுளை மறுக்கும் கம்யூனிஸ்டுகள்" எதிரில் நிற்க, நாங்கள் கடவுளை ஏற்பவர்கள் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆக, நோட்டைக் காட்டி 18ஆம் நூற்றாண்டைப் பற்றி எதையும் நிரூபிக்க முடியாது.

அதே சமயம், சாசனத்தில் கடவுள் இல்லாததைக் காட்டி, அதை எழுதியவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் என்று சொல்வதும் தவறு. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் படைத்தவர், இயற்கையின் கடவுள், உலகின் உச்ச நீதிபதி, தெய்வப் பாதுகாப்பு என்று நான்கு இடங்களில் கடவுளைக் குறிக்கும் சொற்கள் உண்டு. பதினோரு வருடம் கழித்து வந்த சாசனத்திலோ தேதியை எழுதும் வழக்கமான தொடரைத் தவிர ஒன்றுமில்லை. மாறாக, எந்த அரசுப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்று 6ஆவது பிரிவு தடை போடுகிறது. கடவுளைச் சாசனத்தின் முகப்பிலேயே கூப்பிட்ட அமெரிக்க ஆவணம் ஒன்றும் இருக்கிறது. அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலங்கள் 1861இல் எழுதிக்கொண்ட சாசனம் அது. சாசனத்தில் கடவுளை எழுதிவிட்டால் நாடு நேர்மையாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

என் கருத்து இதுதான். அரசையும் கிறிஸ்தவத் திருச்சபையையும் பிரிக்கும் மதிலை எழுப்பக் கடுமையாகப் பாடுபட்டவர்களில் மதத்தை வெறுத்தவர்கள் குறைவு. அரசின் கையில் அடிபட்ட பக்தர்களே அதிகம்.

வர்ஜீனியாவைப் பாருங்கள். சுதந்திரத்துக்கு முன் அங்கே இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபைதான் அரசுச் சபை. குருவுக்குச் சம்பளம் ஆண்டுக்கு 16,000 பவுண்டு புகையிலை, ஏழு டன்னுக்கும் மேல். அது அந்தச் சபைக்கே போகாதவர்களிடமிருந்தும் வரியாகப் பிரிக்கப்பட்டது. திருமணம்கூட ஆங்கிலிக்கன் குரு நடத்தி வைத்தால்தான் சட்டப்படி செல்லும். பாப்டிஸ்ட் போதகர்கள் உரிமம் வாங்காமல் பிரசங்கித்தார்கள் என்றும், அமைதியைக் குலைத்தார்கள் என்றும் 1768 முதல் வரிசையாகச் சிறைக்குப் போனார்கள். சிறை ஜன்னல் வழியாகவே பிரசங்கம் தொடர்ந்தது. 1774இல் தன் பக்கத்து ஊரில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் இப்படி அடைபட்டுக் கிடப்பதைக் கண்டு கொதித்து நண்பருக்குக் கடிதம் எழுதிய இளைஞர்தான் ஜேம்ஸ் மேடிசன். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, மத வழிபாட்டைத் தடுக்கவும் கூடாது என்று சொல்லும் முதலாம் சட்டத்திருத்தத்தைப் பின்னாளில் வரைந்தவர்.

சுதந்திரம் வந்த பிறகு, 1784இல், வர்ஜீனியாவின் அரசியல் தலைவர் பேட்ரிக் ஹென்றி ஒரு மசோதாவை முன்வைத்தார். பார்வைக்கு மிக நியாயமானது: எல்லோரும் வரி கட்டட்டும், அது எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்பதை வரி கட்டுபவரே குறிப்பிடட்டும். இதில் என்ன கெடுதல் என்றுதான் பலரும் கேட்டார்கள். மேடிசன் 1785இல் 15 காரணங்களை அடுக்கி மறுத்தார். மூன்று பென்ஸ் மட்டுமே வசூலிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தாலும், அதே அதிகாரத்தை வைத்து நாளை ஒரு குறிப்பிட்ட பிரிவுக்கு எல்லோரையும் அடிபணிய வைக்கலாம் என்பது அதன் மையம். இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: மேடிசனின் மனுவை விட, சுவிசேஷச் சபையார் தங்கள் சொந்த மொழியில் எழுதிய எதிர்ப்பு மனுவுக்குத்தான் அதிகக் கையெழுத்துகள் சேர்ந்தன. அரசு தாங்கிப் பிடித்தால்தான் நிற்கும் என்றால் அது கிறிஸ்துவின் மார்க்கமே அல்ல என்பது அவர்கள் வாதம். மசோதா செத்தது. 1786 ஜனவரி 16 அன்று ஜெபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. தன் கல்லறையில் பொறிக்கச் சொன்ன மூன்று சாதனைகளில் ஒன்றாக ஜெபர்சன் அதைச் சேர்த்தார்; ஜனாதிபதிப் பதவியைச் சேர்க்கவில்லை.

1791இல் வந்த முதலாம் சட்டத்திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாநிலங்கள் தம் பாட்டுக்கு அரசுச் சபைகளை வைத்துக்கொள்ளலாம், வைத்தும் இருந்தன. கனெக்டிகட்டில் நீங்கள் பாப்டிஸ்ட் என்றால் அங்கே அரசுச் சபையாக இருந்த காங்கிரிகேஷனல் சபையின் வரியிலிருந்து தப்ப, நான் வேறு சபையைச் சேர்ந்தவன் என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது அவமானம் என்பது ஒருபுறம். கிடைக்கும் விலக்கு உரிமை அல்ல, அரசு காட்டும் தயவு என்பதுதான் அவர்களை உறுத்தியது. டேன்பரி ஊர் பாப்டிஸ்டுகள் ஜெபர்சனுக்கு எழுதியதும் இந்தத் தயவு பற்றித்தான். 1802 ஜனவரி 1 அன்று அவர் எழுதிய பதிலில்தான் "சபைக்கும் அரசுக்கும் இடையே பிரிக்கும் மதில்" என்ற புகழ்பெற்ற தொடர் வருகிறது. அதே நாளில் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர், மாசசூசெட்ஸின் செஷயர் ஊர் மக்கள் செய்த 1,235 பவுண்டு பாலாடைக்கட்டி ஒன்றை, ஏறக்குறைய 560 கிலோ, வெள்ளை மாளிகைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஜெபர்சனை நாத்திகன் என்று வேறு போதகர்கள் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் வந்த அன்பளிப்பு அது. இரண்டு நாள் கழித்து நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் லேலண்ட் பிரசங்கம் செய்தார். ஜெபர்சன் உட்கார்ந்து கேட்டார். மதிலைப் பற்றி எழுதியவரே அப்படிப் போய் உட்கார்ந்ததால், அந்த மதிலுக்கு அவர் கொடுத்த அர்த்தத்தை இன்றைய இரு தரப்புமே எளிதாகத் தங்கள் வசதிக்கு இழுத்துக்கொள்ள முடியாது.

மாசசூசெட்ஸ் அரசுச் சபை முறையை 1833 வரை பிடித்து வைத்திருந்தது. அங்கே அது விழுந்த விதம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. டெடம் ஊரில் வரி கட்டும் ஊரார் பெரும்பான்மை வாக்கில், திரியேகத்தை ஏற்காத யூனிடேரியன் கருத்துடைய போதகரைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய விசுவாசத்தில் உறுதியாக இருந்த சபை உறுப்பினர்கள் வெளியேறினார்கள். சொத்து யாருக்கு என்று வழக்குப் போனது. போதகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வரி கட்டும் ஊராருக்கே, சொத்தும் அவர்களோடு நிற்பவர்களுக்கே என்று 1820இல் தீர்ப்பு வந்தது. அடுத்தடுத்து ஊர் ஊராகக் கோயில்கள் கைமாறின. அதுவரை சபை வரியைக் காத்து நின்றவர்களே அதன்பின் அதை ஒழிக்கக் கேட்டார்கள். ஊர்ப் பணத்தில் நடக்கும் கோயிலில் என்ன போதிப்பது என்பதையும் கடைசியில் ஊர் வாக்குதான் தீர்மானிக்கும். சொந்தப் பெரும்பான்மை என்றைக்கும் நிலைக்கும் என்று நம்பியவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

கனெக்டிகட்டில் 1818இல் அரசுச் சபை முறை ஒழிந்தபோது, அதைக் கடுமையாக எதிர்த்த போதகர் லைமன் பீச்சர் மனமுடைந்து போனார். பிறகு அவரே, தங்கள் மாநிலத்துக்கு நடந்தவற்றிலேயே மிக நல்லது அதுதான் என்று எழுதினார். அரசை நம்பி இருந்த சபைகள் மக்களைத் தேடிப் போகக் கற்றுக்கொண்டன என்பதுதான் காரணம். மெதடிஸ்ட் போதகர்கள் குதிரையேறி, பல வாரச் சுற்றுப்பாதையில், எல்லைப்புறக் குடிசைகள் வரை போனார்கள். அரசு ஆதரவு எங்கேயும் இல்லாமலே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நாட்டின் ஆகப் பெரிய புராட்டஸ்டண்ட் சபையாக அது வளர்ந்துவிட்டது.

அந்த எழுச்சியின் அலை நம் கரைக்கும் வந்தது. 1810இல் நியூ இங்கிலாந்தில் தோன்றிய அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டைக் குருமடத்தைத் தொடங்கியது. பணம் அங்கிருந்த சபையார் அனுப்பிய காணிக்கை. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற நன்கொடையாளரின் பெயரையே அந்தப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் படித்தது அங்கேதான்.

இவ்வளவு பாராட்டிவிட்டு அடிமை முறையைத் தாண்டிப் போக முடியாது. மெதடிஸ்ட் சபை 1844இல் உடைந்தது, பாப்டிஸ்டுகள் 1845இல் உடைந்தார்கள், இரண்டும் இதே பிரச்சினையில். போருக்கு 16 வருடம் முன்பே சபைகள் வடக்கு, தெற்கு என்று பிரிந்துவிட்டன. இரு தரப்பும் ஒரே வேதாகமத்தைப் படித்து ஒரே கடவுளிடம் வேண்டுகிறார்கள் என்று 1865இல் லிங்கன் சொன்னபோது அது வருணனை இல்லை, வலி. கறுப்பின மக்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சபைதான் அமெரிக்க விசுவாச வரலாற்றின் மிக உயர்ந்த பகுதி என்பேன். பிலடெல்பியாவில் வெள்ளையரோடு சமமாக முழந்தாளிட விடாததால் வெளியேறிய ரிச்சர்ட் ஆலன் 1794இல் பெத்தேல் ஆலயத்தைத் திறந்தார். 1816இல் அது தனிச் சபையானது. கறுப்பினத்தவர் சொத்தாகவும் மேடையாகவும் வைத்திருந்த முக்கியமான இடம் சபைதான். பேருந்தில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்து 1955இல் தொடங்கிய மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் தாக்குப்பிடித்தது பிரசங்கத்தால் மட்டுமல்ல. காணிக்கைப் பணத்தில் வாங்கிய பெரிய கார்கள் சபைகளின் பெயரில் பதிவாகி, வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கின. காப்பீட்டைத் திரும்பத் திரும்ப ரத்து செய்து பார்த்தும் அவை ஓடின.

மதில் எங்கே கட்டப்படவில்லையோ அங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். பூர்வகுடிகள் விஷயத்தில் அரசும் சபையும் கைகோத்தே வேலை செய்தன. ஜனாதிபதி கிராண்ட் காலத்தில் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய பகுதிகளின் நிர்வாகமே சபைகளுக்குப் பங்கிடப்பட்டது. 1883 விதிகள் அவர்களின் சடங்கான சூரிய நடனத்தைக் குற்றமாக்கின. மீறினால் உணவுப் பங்கு நிறுத்தப்படும். தங்கள் சடங்குகளைச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1978இல்தான்.

நியூயார்க்கின் ஃபிளஷிங்கில் கணபதி கோயில் இருக்கும் தெருவின் பெயர் பௌன் தெரு. 1657இல் அந்த ஊரார் 30 பேர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை, குவேக்கர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று அப்போது அந்த இடத்தை ஆண்ட டச்சு ஆளுநரிடம் எழுதிக் கொடுத்தார்கள். 1662இல் தன் வீட்டில் குவேக்கர் கூட்டம் நடத்த விட்டதற்காக ஜான் பௌன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். மக்களின் மனசாட்சியைச் சுதந்திரமாக விட்டுவிடுங்கள் என்று மறுவருடம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து உத்தரவு வந்தது. 1977இல் அந்தத் தெருவில் குடமுழுக்கு நடக்க முடிந்ததற்குப் பின்னால் இப்படி நீண்ட வழக்கு இருக்கிறது.

பள்ளிப் பிரார்த்தனை பற்றிய ஒரு தவறான செய்தி திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது: "1962இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் ஜெபிப்பதைத் தடை செய்தது." இல்லை. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் 22 சொற்களில் ஒரு பிரார்த்தனையைத் தானே எழுதி வகுப்பில் சொல்லும்படி பரிந்துரைத்தது. அரசு அதிகாரிகள் பிரார்த்தனை எழுதித் தர முடியாது என்பதே தீர்ப்பு. எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக் பல வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர். மாணவர் தானாக ஜெபிப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை.

அமெரிக்காவில் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்வோர் 2007இல் இருந்த 78 சதவீதத்திலிருந்து 2023-24இல் 62 ஆகக் குறைந்திருக்கிறார்கள் என்று பியூ ஆய்வு மையம் சொல்கிறது. சபையாரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு மருந்தாக அரசைக் கூப்பிடுவது கைகொடுக்காது. லூசியானா 2024இல் ஒவ்வொரு அரசுப் பள்ளி வகுப்பறையிலும் குறைந்தது 11க்கு 14 அங்குல அளவில் பத்துக் கட்டளைகளை மாட்டச் சட்டம் போட்டது. எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் போதகர்களும் உண்டு. எந்தப் பத்து என்பதே முதல் சிக்கல். யூதர்களுக்கு "நானே உன் கடவுள்" என்பதே முதல் கட்டளை. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் விக்கிரகத் தடையை முதல் கட்டளைக்குள் அடக்கி, இச்சியாதே என்பதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். மற்ற புராட்டஸ்டண்டுகளுக்கு விக்கிரகத் தடை தனிக் கட்டளை. சுவரில் மாட்ட ஏதாவது ஒன்றை அரசு தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பள்ளியில் எந்த வேதாகம மொழிபெயர்ப்பை வாசிப்பது என்ற தகராறில்தான் 1844இல் பிலடெல்பியாவில் இரண்டு கத்தோலிக்க ஆலயங்கள் எரிந்தன, கலவரத்தில் உயிர்கள் போயின. கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று தனிப் பள்ளிகளை நாடெங்கும் கட்டத் தொடங்கியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.