டீக்கடையில் பால் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை மின்னொளி கபடியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அந்தத் தம்பி கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தான், பாடி வந்த ரெய்டரின் குதிகால் நேராக அவன் வாயில் பட்டது, முன்பல் மண்ணில் விழுந்தது. ரெய்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆட்டத்தில் அது நடக்கும். ஆனால் "பல்லு போனா என்ன, பாயிண்ட் வந்துடுச்சுல்ல" என்று ஒருவர் மைக்கில் சொன்னதும் கூட்டமே சிரித்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பல்லை ஒருத்தர்கூடத் தேடவில்லை. வாயில் பஞ்சை அடைத்து, இரண்டாவது பாதியில் அவனைத் திரும்ப இறக்கினார்கள். பல்லைப் பெயர்க்கிற அடி தலையையும் உலுக்கியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லையா?

விழுந்த பல் செத்த பல் இல்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். மண் இருந்தால் பாலில் லேசாக அலச வேண்டும், தேய்க்கவே கூடாது. பையன் நினைவோடு இருந்தால் அந்தக் குழியிலேயே திரும்பப் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, பல் டாக்டரிடம் ஓட வேண்டும். பொருத்தப் பயமாக இருந்தால் ஆறிய பாலில் போட்டு எடுத்துப் போக வேண்டும். வேரின் மேல் இருக்கிற உயிரணுக்கள் காய்ந்தால் போச்சு, ஒரு மணி நேரம் காற்றில் கிடந்தாலே பல் நிலைப்பது கஷ்டம். சின்னப் பிள்ளைகளின் பால்பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பத்தொன்பது வயதில் எங்கள் ஊர் டீமுக்கு கார்னர், அதாவது ஓரத்தில் நின்று ரெய்டரின் காலைப் பிடிக்கிற இடம், பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரு முழங்கால் வந்து இடித்தது. பல்லைப் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பைனல் முடிந்து, பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. டாக்டர் திட்டவில்லை. "பக்கத்துல டீக்கடை இல்லையாப்பா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. மைதானத்தை ஒட்டியே இருந்தது, பால் பாக்கெட் அடுக்கி வைத்திருந்தார்கள். என் கல்யாண போட்டோ ஒன்றில்கூட நான் வாய் திறந்து சிரிக்கவில்லை.

பல்லே போகாமல் தடுக்கத்தான் மவுத்கார்டு, பல்லுக்கு மேல் மாட்டுகிற கவசம். அதைப் போட்டால் எப்படி "கபடி கபடி" என்று பாடுவது என்று நேற்றே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பாடுகிறவர் ரெய்டர் ஒருத்தர், எதிரே நிற்கிற ஏழு பேரும் பாடுவதில்லையே. கார்னரிலும் அதற்கு உள்பக்கம் கவரிலும் நிற்கிற பலர் ரெய்டுக்கே போவதில்லை, காலைப் பிடிக்க முகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களும் அவர்கள்தான். ரெய்டருக்கும் பல் டாக்டரிடம் அச்செடுத்துச் செய்தால், பழகினால் பேச வரும். காசு இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்துகிற மவுத்கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, நம் கமிட்டி பிளெக்ஸுக்கு மட்டும் எவ்வளவு செலவழித்தது என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் வீரம் பற்றிப் பேசுகிறவர்கள். நியூசிலாந்து ரக்பிக்காரர்களைவிட நாம் முரடர்களா? அங்கே 1998-இல் எல்லா மட்டத்திலும் மவுத்கார்டைக் கட்டாயமாக்கினார்கள், 1995-க்கும் 2003-க்கும் இடையில் ரக்பியில் பல் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்தன. குத்துச்சண்டையில் அது இல்லாமல் ரிங்கிலேயே ஏற முடியாது. பல்லைக் காப்பாற்றிக்கொள்வதில் எந்த வீரம் குறைந்தது? பயமாக இருந்தால் கேரம் ஆடச் சொல்லுங்கள் என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் மகன் ஆடும்போது பேசலாம்.

சிரித்தவர்களில் என்னோடு ஆடியவர்களும் இருந்தார்கள். என் வாயில் ரத்தம் வந்த அன்று என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டவர்கள். அதுதான் தூங்க விடவில்லை.

இன்று காலை அந்தப் பையனின் அம்மாவிடம் போனில் பேசினேன். மறுநாள் விடிந்ததும் மைதானத்துக்குப் போய்த் தேடி, பல்லை எடுத்துக் கழுவி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். "இப்ப கொண்டுபோனா வச்சிடுவாங்களாண்ணே?" என்று கேட்டார். காயத்தை இன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். பல்லைப் பற்றி என்ன சொல்வது? "இனிமே பிடிக்காதும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.