ஏழிடம் சிக்கும் எண்கள்

எண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 142857-ஐ, 1 முதல் 6 வரை எதால் பெருக்கினாலும் அதே இலக்கங்களே சுழன்று வரும் எண் என்று புகழ்ந்திருக்கிறீர்கள், சரி. ஆனால் அதையும் தூக்கிச் சாப்பிடும் ஓர் எண் இருக்கிறது: 3816547290. பூஜ்யம் முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் இதில் ஒரே ஒரு முறை வரும். முதல் இரண்டு இலக்கம் 38, அது 2-ஆல் வகுபடும். 381 மூன்றால், 3816 நான்கால், 38165 ஐந்தால்... இப்படியே பத்து வரை போகும். இந்தக் குணம் உள்ள இத்தகைய எண் இது ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் இல்லாமலே இதைப் பிடித்துவிடலாம் என்பதுதான் அழகு. பத்தாமிடம் 0, ஐந்தாமிடம் 5. இரட்டைப்படை இடங்களில் இரட்டை எண்கள், மீதி இடங்களில் ஒற்றை எண்கள். நான்காமிடமும் எட்டாமிடமும் 2 அல்லது 6 ஆகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் இரண்டுக்கும் முன்னால் ஒற்றை எண் நிற்கிறது. முதல் மூன்று இலக்கமும் முதல் ஆறு இலக்கமும் மூன்றால் வகுபடுவதால் 4, 5, 6-ஆம் இடங்களின் கூட்டுத்தொகையும் மூன்றால் வகுபட வேண்டும்; எனவே அங்கே 258 அல்லது 654 மட்டுமே வரும். அப்புறம் எட்டின் விதியையும் போட்டால் மிஞ்சுவது பத்தே எண்கள். அதில் ஒன்பது எண்களை ஏழின் விதி அடித்துத் தள்ளிவிடுகிறது.

அப்படி விழுந்தவற்றில் 9876543210-உம் உண்டு, பாவம்! 9876543-ஐ ஏழால் வகுத்தால் மீதி 5. அதே எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை எட்டால் வகுத்துப் பாருங்கள், 12345679 வரும்.

எல்லா இலக்கமும் ஒரே முறை என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் இந்த விளையாட்டு 25 இலக்கம் வரை நீளும். அங்கேயும் ஒரே ஓர் எண்தான்: 3608528850368400786036725.