பிரஸ் நோட்டை ஒட்டுவதற்குப் பெயர் செய்தியா?

தமிழக-கேரள எல்லையில், செங்கோட்டைப் பக்கம் இருக்கும் புளியரை செக்போஸ்ட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு ஜல்லி லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றால், மறுநாள் காலைப் பேப்பரில் ஒரு வரி இருக்காது. வெளியூர்ப் பதிப்பின் பக்கம் அதற்குள் முடிந்து அச்சுப் பிளேட்டுக்குப் போயிருக்கும். சரி, அச்சடித்து, கட்டி, வேனில் ஏற்றி விடியுமுன் செங்கோட்டைக்குக் கொண்டுவர வேண்டாமா, அதை விடுவோம். அதற்கும் மறுநாள் ஏன் வரவில்லை? அந்த இடத்தில் ஒரு தனியார் பள்ளி ஆண்டு விழா நாலு பத்தி அகலத்துக்கு, படத்தோடு. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், குத்துவிளக்கு ஏற்றியவர், நன்றி கூறியவர். காசு கொடுத்து வாங்கியவன் இதையா படிக்க வேண்டும்?

ஆஸ்பத்திரி, நகைக்கடை, பில்டர் என்றால் இன்னும் மோசம். கொச்சியிலோ சென்னையிலோ பி.ஆர். கம்பெனி, அதாவது காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் புகழைப் பரப்பும் கம்பெனி, ஆங்கிலத்தில் ஒரு பக்கப் பிரஸ் நோட் எழுதும். அதைத் தமிழாக்கி மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் தட்டிவிடும். மேலே தலைப்பு, நடுவில் எம்.டி. சொன்னதாக இரண்டு வரி, கீழே கம்பெனியின் பெருமை. நாலு பேப்பரைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். அதே முதல் வரி, அதே படம், அதே எழுத்துப்பிழை. யூனிகோடில் வந்ததை லே-அவுட்டுக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். அதுவும் அப்படியே அச்சில். ஒருத்தர்கூடப் படித்துப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சிகிச்சைக்கு எவ்வளவு கட்டணம் என்ற ஒரே ஒரு கேள்வி? அது பிரஸ் நோட்டில் இல்லை, அதனால் செய்தியிலும் இல்லை.

பகுதிநேர நிருபரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. செய்திக்குக் கிடைப்பது சொற்பம், பெட்ரோல் அவர் கைக்காசு. விளம்பரம் பிடித்தால்தான் கமிஷன். தீபாவளி மலர், அட்மிஷன் சீசன், தலைவர் பிறந்தநாள் என்று வருஷம் முழுக்க டார்கெட் வேறு. குவாரி முதலாளியிடம் காலையில் கால் பக்க விளம்பரம் கேட்டவர், சாயங்காலம் அவருடைய ஓவர்லோடு லாரியைப் பற்றி எழுதுவாரா?

நிர்வாகம் செலவுக் கணக்குச் சொல்லும். பொய்யில்லை. 2019இல் இறக்குமதியாகும் நியூஸ்பிரிண்டுக்கு, அதாவது பேப்பர் அச்சடிக்கும் காகிதத்துக்கு, 10 சதவீதம் சுங்க வரி போட்டார்கள், 2020இல்தான் 5 ஆக்கினார்கள். 2022இல் உக்ரைன் போரோடு காகித விலை எகிறியது. விற்கிற விலையில் காகிதக் காசுகூடத் தேறாது, விளம்பரம்தான் சோறு போடுகிறது. எல்லாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பக்கத்தைக் குறைக்கும்போது கத்தி முதலில் விழுவது எல்லையோர ஊர்ச் செய்தி மேலேயே. சினிமாப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்களேன்!

1910இல் திருவிதாங்கூர் திவானை எதிர்த்து எழுதியதற்காகச் சுதேசாபிமானி பத்திரிகையின் அச்சகத்தைப் பறித்து, அதன் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை எல்லை கடத்தித் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு அவ்வளவு சிரமம் எதற்கு? முதல் பக்கத்தில் அரைப் பக்க விளம்பரம் போதும், எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

2024 டிசம்பரில் நெல்லை நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தவை குப்பையில் கிடந்த ஆஸ்பத்திரிக் காகிதங்கள். பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு வைக்க, கேரளாவே வந்து அள்ளிக்கொண்டு போனது. அந்தக் காகிதத்தை எந்தப் பி.ஆர். கம்பெனி மெயிலில் அனுப்பும்? மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவர் நேரில் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். அவருக்கு வண்டிச் செலவு கொடுங்கள் என்றால் பட்ஜெட் இல்லையாம்.

விளம்பரம் வேறு, செய்தி வேறு என்று வாசகனுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது பிரஸ் கவுன்சில் நெறிமுறையிலேயே இருக்கிறது. நாலு பத்திப் புகழுரையின் மூலையில் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத அளவில் 'விளம்பரம்' என்று போடுவதா தெளிவு? அதுகூட மலரில் மட்டும்தான். மாவட்டப் பக்கத்தில் அந்தப் பொடி எழுத்துக்கும் இடமில்லை. தலைப்புக்கு மேலே, தலைப்பு அளவுக்கே பெரிதாகப் போடுங்கள். பிறகு எத்தனை குத்துவிளக்கு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள்.