நீல வெளிச்சம் வேண்டாம், தடிச்ச வயரைத் தாங்கோ

ஆறு சுவிச், ரெண்டு யூஎஸ்பி ஓட்டை, வோல்ட் காட்டுற சின்னத் திரை, எல்லாத்துக்கும் கீழ நீல வெளிச்சம். பெட்டியில கொட்டை எழுத்தில "மரைன்", அதாவது படகுக்கெண்டே செய்தது எண்டு அடிச்சிருக்கு. என்ர 14 அடி அலுமினிய வள்ளத்துக்கெண்டு இந்தச் சுவிச் பலகையை ஒன்லைனில வாங்கிப் பூட்டினன். பின்பக்கத்தில ஓடுறது 18 கேஜ் எண்ட மெல்லிய வயர். ஒரு சுவிச்சில இருந்து அடுத்ததுக்குப் பாய்ஞ்சு பாய்ஞ்சு, ஆறுக்கும் அந்த ஒற்றை வயர்தான் கரண்ட் கொண்டு போகுது. இதைச் செய்தவன் ஒருநாளாவது வள்ளத்தில ஏறி இருந்திருப்பானோ?

போன வருசம் மே மாதம், ரெண்டாவது சனி. ஒன்ராறியோவில இருக்கிற ரைஸ் லேக்கில வால்ஐ மீன் பிடிக்கிற சீசன் திறந்த நாள். பொழுதுபடுற நேரம், வள்ளத்துக்குள்ள தேங்கின தண்ணியை இறைக்கிற பம்புக்குள்ள பாசி போய் அது இறுகிப்போச்சு. இறுகின மோட்டர் சுத்தேலாமல் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பம்புக்கெண்டு தனியா ஒரு 3 ஆம்ப் பியூஸ் இருந்திருந்தால் அந்த இடத்திலயே அறுந்திருக்கும். பலகையோட வந்தது முழுசுக்கும் சேத்து ஒரேயொரு 20 ஆம்ப் பியூஸ். பியூஸ் அசையேல்லை, சுவிச்சின்ர பின்பக்கம் உருகி மணக்கத் தொடங்கீட்டுது. காலடியில பெற்றோல் தாங்கி. முன் பெஞ்சில என்ர மகள், பத்து வயசு. பற்றறி வயரைக் கையால பிடுங்கி எறிஞ்சன். விளக்கெல்லாம் செத்துப்போச்சு. மகள் ரோச் லைற்றைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்க, மெல்ல மெல்லக் கரைக்கு வந்தம். அந்த மணம் இன்னும் என்ர மூக்கில நிக்குது.

பியூஸ் எண்டது பம்பைக் காப்பாத்த மட்டும் இல்லை, முதல்ல வயரைக் காப்பாத்தத்தான். 18 கேஜ் வயருக்கு 20 ஆம்ப் பியூஸ் போட்டு விக்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியாட்டி ஏன் விக்கிறான்? தெரிஞ்சுகொண்டு விக்கிறான் எண்டால் அவனை என்னெண்டு சொல்லுறது?

விளக்குச் சுவிச்சைப் பாருங்கோ. ஓடேக்க அணியத்தில சிவப்பு பச்சையும் பின்னுக்கு வெள்ளையும் எரிய வேணும். நங்கூரம் போட்டு நிக்கேக்க வெள்ளை மட்டும். இதுக்கு நடுவில ஓஃப் இருக்கிற, ரெண்டு பக்கமும் சாயிற மூண்டு நிலைச் சுவிச் வேணும். கடைப் பலகையில வாறது சும்மா ஓன்-ஓஃப். அதை வைச்சு விளக்கைப் பூட்டினால், நிக்கிற வள்ளம் இருட்டில ஓடுற வள்ளம் மாதிரித் தெரியும். எதிரில வாறவன் அதை நம்பித்தான் விலத்துவான்.

கடைக்காரரோட மட்டும் எனக்குக் கோவம் இல்லை. என்னோட மீன் பிடிக்க வாற ஒரு அண்ணை, ஸ்காபரோவில எங்கட பக்கத்துத் தெருதான், தன்ர வள்ளத்தில நெகட்டிவ் வயர் எல்லாத்தையும் வள்ளத்தின்ர உடம்பிலயே ஸ்குரூ போட்டு இறுக்கி வைச்சிருக்கிறார். கேட்டால், "தம்பி, காரில எல்லாம் நெகட்டிவை உடம்பிலதானே எடுக்கிறாங்கள்" எண்டுறார். அண்ணை, கார் தண்ணிக்குள்ள கிடக்கிறேல்லை! கரண்டைக் கொண்டுபோற வேலையை அலுமினிய உடம்பிட்டக் குடுத்தால், கசியிற கரண்ட் தண்ணிக்க இருக்கிற உலோகத்தைத் தின்னும். மோட்டரின்ர நெகட்டிவ் அதைப் பூட்டுற போல்ட் வழியா உடம்பில தொடுறது வேற கதை. ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு பம்புக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர். படகு மின்சாரத்துக்கெண்டு ஏபிவைசி எண்ட அமெரிக்கப் படகுச் சபை எழுதின ஈ-11 தரமும் இதைத்தான் சொல்லுது. வெட்டி விழுந்த செம்புத் துண்டு ஒண்டு அடியில ஈரத்தோட கிடந்தாலே அலுமினியத்தில குழி விழும். சுவிச் பலகை பூட்ட மரம் வேணும் எண்டு வேலிக்கு வாங்கின பச்சை மருந்தடிச்ச பலகையைப் போட்டவையும் இருக்கினம். அந்த மருந்தில இருக்கிறதும் செம்புதான்.

வயர் வாங்கப் போனால் அங்கயும் ஏமாத்து. மலிவா இருக்கே எண்டு எடுத்து நுனியைச் சுரண்டிப் பாத்தால் உள்ளுக்க வெள்ளை: செம்பைப் பூசின அலுமினியம்! வள்ளத்துக்கு வேண்டியது வெள்ளீயம் பூசின, பல இழைச் செம்பு வயர். அணியத்து விளக்குக்கு 12 அடி எண்டால் போய்வர 24 அடி. அந்தத் தூரத்துக்கு விளக்கில 3 வீதத்துக்கு மேல வோல்ட் குறையக்கூடாது. 12 வோல்ட்டில அது 0.36 வோல்ட்தான். நூல் மாதிரி வயரில விளக்கு மங்கித்தான் எரியும்.

குளிர்காலம் முழுக்க கராஜில இருந்து நானே ஒரு பலகை செய்தன். கால் அங்குல எச்டிபிஈ பிளாஸ்ரிக் தகடு. ஈரத்தில ஊதாது, அக்ரிலிக் மாதிரி வெடிக்காது. நாலே நாலு சுவிச், கையுறையோட தட்டக்கூடிய இடைவெளியில. சுவிச்சின்ர எண்ணிக்கையைக் கூட்டினால் ஓட்டையும் கூடும், தண்ணி போற வழியும் கூடும். சுவிச்சுக்கு 1.45 அங்குலத்துக்கு 0.83 அங்குலம் வெட்டி, மூலையை அரத்தால தேய்ச்சு எடுக்க மூண்டு பின்னேரம் போச்சு. பின்னுக்கு ஒவ்வொண்டுக்கும் தனித்தனிப் பியூஸ், பற்றறியில இருந்து 7 அங்குலத்துக்குள்ள பெரிய பியூஸ். வயர் நுனியெல்லாம் கிரிம்ப் அடிச்சு, அதாவது நசிச்சு இறுக்கி, உள்ளுக்க பசை இருக்கிற சுருங்கு குழாய் போட்டு மூடினன். நீல வெளிச்சம் ஒண்டும் இல்லை.

இவ்வளவும் என்ர சொந்த நேரம். கடைப் பலகைக்குக் குடுத்த காசு திரும்பி வரேல்லை, "பூட்டினாப்பிறகு எடுக்கமாட்டம்" எண்டு எழுதி அனுப்பீட்டினம். உருகின சுவிச்சின்ர படத்தை மூண்டு தரம் அனுப்பினனான். அந்தப் பலகை அதே "மரைன்" எழுத்தோட இண்டைக்கும் விக்கிது.

வாற சனி அண்ணையின்ர வள்ளத்தில இருக்கிற பழைய வயரிங்கைக் கழட்டப்போறன். அவர் ஓமெண்டேல்லை. வயரும் கிரிம்ப் கட்டரும் எடுத்து வைச்சாச்சு.